வெளியே போட்ட இரண்டு பேரிங்

இருபத்திரண்டு வருடம் நான் சம்பளம் வாங்கியதே சந்தேகப்படுவதற்காகத்தான். பெங்களூரில் ஒரு பெரிய தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தேன். ஒருவர் காலையிலிருந்து லேத்தில் நின்று கடைந்து கொண்டுவரும் பாகத்தை மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்ப்பேன். முடியளவு கூடியிருந்தாலும் சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறி போட்டுத் தள்ளிவிடுவேன். போடும்போது அவர் முகத்தைப் பார்க்க மாட்டேன். பார்த்தால் பாஸ் போடத் தோன்றும்.

அந்தப் புத்தியை கேட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். நான் அதை பஸ்ஸில் ஏற்றி விவேக் நகர் வரை கூட்டி வந்தேன். பால்காரர் அளந்து ஊற்றிய பாலை இன்னொரு முறை அளப்பேன். தையல்காரரிடம் துணி கொடுத்தால் ஓரத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக் கொடுப்பேன், துணியை மாற்றிவிட்டால் கண்டுபிடிக்க. இதையெல்லாம் பார்த்து என் மனைவி சிரித்த காலம் ஒன்று உண்டு. கல்யாணமான புதிதில்.

கோபமும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காபியில் சர்க்கரை தூக்கல் என்று டம்ளரைச் சுவரில் எறிந்தேன். அவள் மேல் படவில்லை, ஒரு முழம் தள்ளிப் பட்டது. அவளுடைய தம்பி அப்போது அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எழுந்து போய் டம்ளரை எடுத்தான். நசுங்கிய இடத்தைக் கட்டைவிரலால் உள்ளேயிருந்து அழுத்தி நிமிர்த்தி, கழுவி, அலமாரியில் வைத்தான். பிறகு வந்து மிச்சச் சோற்றைச் சாப்பிட்டான். நான் அன்றே அதை மறந்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் பிற்பாதி அது. மச்சான் மார்க்கெட் பக்கம் ஒரு பேரிங் கடையில் வேலை பார்த்தான். ஈஜிபுராவில் நாலு பேரோடு ஒரு அறை. அப்பா அம்மா ஆனேக்கல்லில் மாவு மில் வைத்திருந்தார்கள். ஞாயிறு மதியம் அக்கா கைச் சோறு என்று எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். நல்ல பையன்தான். ஆனாலும் பேரிங் கடைக்காரன் எவனையும் முழுசாக நம்பக் கூடாது என்பது என் கட்சி. பழைய பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, மெருகு போட்டு, புதுப் பெட்டியில் வைத்து விற்கிற வித்தையை நான் தொழிற்சாலையிலேயே பார்த்திருக்கிறேன்.

அந்த நாளில்தான் என் கையில் அந்த ரிமோட் கார் வந்து சேர்ந்தது. எண்பதுகளில் ஜப்பானில் செய்தது. பொம்மை என்று சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். முழங்கை நீளம், தனித்தனி சஸ்பென்ஷன், பின்னால் மோட்டார், அதன் பக்கத்தில் நிஜமான கியர் பாக்ஸ். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தரையில் சாக்கு விரித்துப் பழைய சாமான் விற்கிறவரிடம் வாங்கினேன். "சலேகா சாப், ஏக்தம் சலேகா" என்றார். ஓடும் என்று அவர் அடித்துச் சொன்னதாலேயே ஓடாது என்று தெரிந்துகொண்டு வாங்கினேன். ஓடவில்லை.

கம்பி மாற்றி, புது பேட்டரி போட்டு ஓடவைத்தேன். ஓடும்போது கியர் பாக்ஸில் கரகரவென்று ஒரு சத்தம். பிரித்துப் பார்த்தால், ஷாஃப்ட் சுற்றும் ஆறு இடத்திலும் பேரிங்கே கிடையாது. வெறும் பித்தளை வளையம், புஷ் என்போமே அது. பதினைந்து வருடத்தில் தேய்ந்து ஓட்டை நீள்வட்டமாகிவிட்டது. ஷாஃப்ட் ஆடியது. ஷாஃப்ட் ஆடினால் நைலான் பல்சக்கரம் ஒரு பக்கமாகக் கடிக்கும். அந்தப் பல்சக்கரத்துக்கு மாற்று உலகத்தில் எங்கும் கிடையாது. அந்த மாடலை நிறுத்திப் பல வருடம் ஆகியிருந்தது. பல்சக்கரம் போனால் கார் போச்சு.

ஆறு புஷ்ஷையும் எடுத்துவிட்டு பால் பேரிங் போடுவது என்று முடிவு செய்தேன். அதோடு நிற்கவில்லை. ஷாஃப்ட், கியர் பெட்டியை விட்டு வெளியே நீளும் இடத்தில் பிடிமானமே இல்லை. அதனால் பெட்டிக்கு வெளியே, வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று, இரண்டு அதிகப்படி பேரிங். அதற்கு அலுமினியத் தகட்டை அறுத்து, அரம் போட்டு, துளையை ரீமரால் துளித்துளியாகப் பெரிசாக்கி அளவு பார்த்தேன். ஒரு மாதத்து மாலை நேரமெல்லாம் அதில் போனது. அவ்வளவு பிரியமாக நான் எதையும் செய்ததில்லை. பெற்ற பிள்ளை இருந்திருந்தால் அதற்குக் கூட இப்படிச் செய்திருப்பேனா என்பது சந்தேகம். இதிலும் சந்தேகம்தான்.

எட்டு பேரிங் வேண்டும், சுண்டுவிரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரிசு. மச்சானிடம் சொன்னேன். மூன்று வாரம் தேடி, ஒரு தீப்பெட்டிக்குள் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தான்.

"பெட்டி எங்கே?" என்றேன்.

"லூஸ்ல தான் மாமா கிடைச்சுது. இந்த சைஸ் நம்ம மார்க்கெட்லயே ஸ்டாக் இல்ல. புதுசுதான், நான் பார்த்துத்தான் எடுத்தேன்."

எட்டையும் கையில் வைத்துச் சுற்றிப் பார்த்தேன். எல்லாம் நன்றாகத்தான் சுற்றின. பெட்டி இல்லாமல் வந்தது மட்டும் மனதில் ஒரு ஓரமாக உட்கார்ந்துகொண்டது.

பேரிங்கின் இரண்டு முகத்திலும் தூசி புகாமல் இருக்க மெல்லிய தகட்டு மூடி இருக்கும். வெளியே போட்ட இரண்டில் அந்த மூடியைக் குண்டூசியால் நெம்பி எடுத்துவிட்டேன். உள்ளே இருந்த கிரீஸைப் பெட்ரோலில் கழுவி, தையல் மெஷின் எண்ணெய் ஒரே சொட்டு. இனி உராய்வே இருக்காது. மண் தரையில் ஓடும் வண்டிக்கு இது மடத்தனம் என்று தெரியும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் நானே கழுவிவிடுவேன் என்று நினைத்தேன். நம்பியது என் ஒருவனை மட்டும்தான். பூட்டி முடித்ததும் பெட்டியின் இரு பக்கமும் பளபளவென்று குண்டுகள் தெரிய இரண்டு பேரிங்கும் கண்விழித்துப் பார்ப்பதுபோல் இருந்தன.

பிறகு ஒரு வேலை செய்தேன். தொழிற்சாலையில் பரிசோதனை முடிந்த ஸ்குரூவின் தலையில் பெயிண்ட் தொட்டு வைப்போம். யாராவது திருகினால் பெயிண்ட் விரிந்து காட்டிக்கொடுத்துவிடும். மனைவியின் நகப்பாலீஷை எடுத்து கியர் பாக்ஸின் நாலு ஸ்குரூவிலும் தொட்டு வைத்தேன். காரை ஹாலில் ஷோகேஸில் வைத்துவிட்டு, "இதை யாரும் தொடக் கூடாது" என்றேன். வீட்டில் யாரும் என்று இருந்தது அவள் ஒருத்திதான்.

அது ஆயுத பூஜை வாரம். பூஜையன்று நான் எப்போதும் தொழிற்சாலையில் இருப்பேன். அங்கே மெஷினை எல்லாம் துடைத்து, மாவிலை கட்டி, பூசணிக்காய் உடைத்து அமர்க்களமாகச் செய்வார்கள். சந்தனம் குங்குமம் வைப்பதற்கு மட்டும் எங்கள் பிரிவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மெஷினின் உடம்பில், பெயிண்ட் அடித்த இடத்தில்தான் வைக்கலாம். சுற்றுகிற இடத்தில் கூடவே கூடாது. அதையும் நான்தான் கூடவே போய்ப் பார்த்துக்கொள்வேன்.

அந்த ஞாயிறு காலை, ஈஜிபுரா தாண்டி இருந்த காலி மைதானத்துக்குக் காரை எடுத்துப் போனேன். எங்களைப் போல் ஐந்தாறு கிறுக்கர்கள் அங்கே கூடுவார்கள். ஸ்குரூவில் நகப்பாலீஷ் அப்படியே இருந்தது. சீல் சரியாக இருந்தால் மறு சோதனை வேண்டாம் என்பது தொழிற்சாலை விதி. சக்கரத்தை ஒரு தரம் சுற்றிக்கூடப் பார்க்காமல் தரையில் வைத்து ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன்.

பாதிச் சுற்று போயிருக்கும். கீச்சென்று ஒரு சத்தம், பிறகு கடலை வறுப்பது போல் படபடவென்று ஒரு சத்தம். கார் நின்றது, மோட்டார் மட்டும் வெறுமனே சுற்றியது. "ஏனாயித்து சார்?", என்ன ஆச்சு என்று கேட்டபடி எல்லாரும் ஓடி வந்தார்கள். நான் காரைத் துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பினேன். அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து செய்தித்தாளை விரித்து, ஸ்குரூ டிரைவரால் காரைப் பிரித்தேன். பல்சக்கரத்தில் ஒரு பக்கம் பல்லே இல்லை. உள்ளே ஆறு பேரிங்கும் பாலில் போட்ட பழம் போல் வழுக்கிக்கொண்டு சுற்றின. வெளியே போட்ட இரண்டு மட்டும் இறுகி அசையவில்லை. குண்டுகளுக்கு இடையில் பழுப்பாக ஏதோ களிம்பு, அதன் ஓரத்தில் துரு. பாதிச் சுற்றில் இவ்வளவு மண் போகாது. என் வீட்டில் தண்ணீர் படாத பொருளில் துரு வராது. சீல் உடையவில்லை, ஆகவே யாரும் தொடவில்லை. அப்படியானால் வரும்போதே வந்த கோளாறு, என் பெட்ரோலுக்கும் அசையாத பழைய கிரீஸ். எட்டில் ஆறு நல்லது, இரண்டு பழசு. தீப்பெட்டியில் ஏன் வந்தது என்று இப்போது விளங்கிவிட்டது. படிப்படியாகக் கணக்குப் போட்டு விடையைப் பிடித்துவிட்ட திருப்தி, அந்தத் துக்கத்திலும் எனக்கு இருந்தது.

சரியாக அந்த நேரத்தில் மச்சான் சாப்பாட்டுக்கு வந்தான். மனைவி என் பக்கத்தில் காபியோடு நின்றிருந்தாள்.

"இது என்னடா?" என்றேன்.

நான் நீட்டிய பேரிங்கை வாங்கினான். களிம்பைக் கட்டைவிரலால் தேய்த்தான். விரலைப் பார்த்தான். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்த்தான். பிறகு தலையைத் தூக்கி அக்காவைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, அதைக் கண்ணால் பார்க்கிறேன் என்று நினைத்தேன்.

"ரெண்டு குறைஞ்சுது மாமா," என்றான் மெதுவாக. "கடையில இருந்த பழசு ரெண்டைக் கழுவிப் போட்டுட்டேன். தப்புதான்."

"தம்பி..." என்றாள் மனைவி.

"நீ உள்ள போக்கா."

அவள் போனாள். நான் பேசியதை எல்லாம் இங்கே எழுத மாட்டேன். சோறு போட்ட வீட்டுக்கே துரோகமா என்பதுதான் அதில் மரியாதையான வார்த்தை. அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றான். சாப்பிடாமல் போனான்.

அதோடு விட்டேனா? மறுநாள் அரை நாள் லீவு போட்டு அவன் கடைக்கே போய் முதலாளியிடம் சொன்னேன். "உங்க ஆள் பழைய பேரிங்கைப் புதுசுன்னு தள்றான். அவன் வாயாலேயே ஒத்துக்கிட்டான்" என்றேன். அவர் கன்னடத்தில் அவனை ஏதோ கேட்டார். அவன் "ஹௌது" என்று ஒரே வார்த்தை சொன்னான். ஆமாம் என்று அர்த்தம். அவ்வளவுதான், வேலை போனது. அந்த மார்க்கெட்டில் ஒரு கடையில் பேர் கெட்டால் வேறு எங்கும் எடுக்க மாட்டார்கள். ஈஜிபுரா அறையைக் காலி செய்துவிட்டு ஆனேக்கல்லுக்குப் போய் அப்பாவின் மில்லில் மாவு அரைக்க நின்றான்.

இரண்டு பேரிங்கையும் ஒரு பாலிதீன் கவரில் போட்டு, தேதி எழுதி, சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டு மேஜை டிராயரில் வைத்தேன். சாட்சி. பல்லில்லாத கார் மறுபடி ஷோகேஸுக்குப் போனது. எட்டு வருடம் அவனோடு நான் பேசவில்லை. மனைவி மட்டும் தனியாக பஸ் ஏறி ஆனேக்கல் போய் வருவாள். போய்வந்த இரண்டு நாளைக்கு வீட்டில் பாத்திரச் சத்தம்கூட இருக்காது.

இதற்கிடையில் தொழிற்சாலையில் வி.ஆர்.எஸ். கொடுத்து எங்களை அனுப்பிவிட்டார்கள். முதல் முறையாக ஆயுத பூஜையன்று எனக்குப் போக இடமில்லை. மாமனார் படுக்கையில் இருந்தார். "அப்பா உங்களைப் பார்க்கணும்னு சொல்றாருங்க" என்றாள் மனைவி. மறுக்க முடியவில்லை, போனேன்.

மில்லைக் கழுவி விட்டிருந்தார்கள். மாமனாரின் கட்டிலை வாசல் ஓரமாக இழுத்துப் போட்டிருந்தார்கள். மச்சான் ஒரு கிண்ணத்தில் சந்தனம் கரைத்து எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மெஷினாகப் போனான். மோட்டார் புல்லியின் நட்ட நடுவில் ஒரு பொட்டு. அரைக்கும் கல் சுற்றும் அச்சில் ஒரு பொட்டு. வெளியே நின்ற சைக்கிளின் சக்கரத்து நடுவில் ஒரு பொட்டு. எனக்குப் பொறுக்கவில்லை. எட்டு வருடத்துக்குப் பிறகு அவனிடம் நான் பேசிய முதல் பேச்சு இதுதான்:

"பாடியில வைப்பாங்களா, சுத்துற இடத்துல வைப்பாங்களா? சந்தனம் பேரிங்குள்ள போனா என்ன ஆகும் தெரியுமா?"

கட்டிலிலிருந்து மாமனார் சிரித்தார். "நம்ம வீட்டுல சுத்துற இடத்துக்குத்தான் மாப்ள பொட்டு. அதுதானே நமக்கு ஓடிச் சோறு போடுது? என் பொண்ணு சின்ன வயசுல எந்த மெஷினைப் பார்த்தாலும் நடுவுல சரியா வைக்கும். ஒரு நூல் தள்ளாது."

மச்சானின் கை புல்லியில் நின்றுவிட்டது. அவன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் கிண்ணத்தைப் பார்த்தேன். பழுப்பு மஞ்சளாக, மேலே கொஞ்சம் குங்குமம் சிந்திக் கிடந்தது. கண் விழித்துப் பார்ப்பதுபோல் வெளியே போட்டிருந்த அந்த இரண்டு பேரிங்கும், மூடியில்லாமல், என் கண்முன் வந்து நின்றன. சீலைத் தொடாமலே தொடக்கூடிய இடம் அது ஒன்றுதான். நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன்.

பிறகு அவனைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டேன்.

"அன்னிக்கு மோந்து பார்த்தியே."

"சந்தன வாசனை வந்துச்சு மாமா."

"நான் அந்தக் கடைக்காரர்கிட்ட போய் உண்மையைச் சொல்றேன். இன்னிக்கே போறேன்."

"எந்தக் கடை மாமா? அது இப்ப மொபைல் கடை."

"அப்புறம் ஏன்டா நீ செஞ்சேன்னு சொன்னே? உன் வேலையே போச்சே."

அவன் கையிலிருந்த சந்தனத்தைச் சுவரில் தேய்த்துத் துடைத்தான். நான் விடவில்லை.

"உங்க கையில ஸ்குரூ டிரைவர் இருந்துச்சு மாமா," என்றான். "அக்கா உங்க பக்கத்துலயே நின்னுட்டு இருந்துச்சு."

திரும்பும்போது பஸ்ஸில் மனைவி ஜன்னல் ஓரம், நான் பக்கத்தில். வாழ்நாளெல்லாம் எவ்வளவு பேரைச் சந்தேகப்பட்டிருக்கிறேன், பால்காரர், தையல்காரர், சந்தை வியாபாரி. என்னைச் சந்தேகப்பட்டவன் ஒருவன் இருந்தான். முகத்தைப் பார்த்து, கையைப் பார்த்து, ஒரு நொடியில் ரிஜெக்ட் போட்டான். அந்தச் சந்தேகம் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் டிராயரைத் திறந்து அந்தக் கவரை எடுத்தேன். ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றிப் பேரிங் இரண்டையும் போட்டேன். முதலில் எண்ணெய் மிதந்தது. குண்டூசியால் கிளறியதும் அடியிலிருந்து சிவப்பாக ஒரு இழை எழும்பி வந்தது. துரு இப்படி ஓடாது, குங்குமம்தான். மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்துக்கும் வச்சேன்," என்றாள். "ஸ்கூட்டர், தையல் மெஷின், மிக்ஸி. அதுக்கு மட்டும் வைக்காம விட மனசு கேக்கலைங்க. ஞாயித்துக்கிழமை நல்லா ஓடணும்னு வேண்டிக்கிட்டு வச்சேன். அப்புறம் நீங்க பார்த்தா திட்டுவீங்கன்னு ஈரத் துணியால துடைச்சிட்டேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

அவள் அலமாரிப் பக்கம் பார்த்தாள். அலமாரியில் வரிசையாக டம்ளர்கள் இருந்தன. அதில் ஒன்றின் வயிற்றில் விரல் அழுத்திய தடம் இன்னும் இருந்தது.

ஷோகேஸைத் திறந்து காரை வெளியே எடுத்தேன். பெட்டிக்கு வெளியே நான் அரம் போட்டுச் செய்த அலுமினியத் தகடு இரண்டும் பேரிங் இல்லாமல் வெறும் ஓட்டையாக இருந்தன. மேஜை மேல் வைத்தேன்.

"இன்னிக்கு ஆயுத பூஜைதானே," என்றேன். "இதுக்கும் வை. உங்க வீட்டு வழக்கப்படி, சுத்துற இடத்துலயே வை."

அவள் பூஜை அறையிலிருந்து சந்தனக் கிண்ணத்தை எடுத்து வந்தாள். மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டாள். காருக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோய் நிறுத்தினாள். வைப்பதற்கு முன்னால் ஒரு தரம் என் கையைப் பார்த்துக்கொண்டாள்.